உப்புப் பார்க்கக் கொடுக்காத சருகுமான்

ஒரு காட்டில், மூங்கில் புதர்களுக்கு நடுவே பெரிய சமையற்கூடம் ஒன்று இருந்தது. காட்டு மிருகங்களுக்கெல்லாம் அங்கேதான் பந்தி. அங்கே வேலை பார்த்த சருகுமானின் பெயர் பூவாத்தா. அது புளிக்குழம்பைத் தாளித்தால் போதும், முயல்கள் கூப்பிடாமலே இலை போட்டு உட்கார்ந்துவிடும். ஆனால் பாருங்கள் குழந்தைகளே, கைமணம் எவ்வளவோ அவ்வளவு பயமும் அதற்கு இருந்தது. காய்ந்த சருகு காலடியில் நொறுங்கினாலும் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அந்த ஆண்டு சிங்கராஜா ஒரு கட்டளை போட்டது.

"இனிமேல் தேர்வில் தேறி முத்திரைக் கரண்டி வாங்கியவர்தான் அடுப்படியில் நிற்கலாம். மற்றவர்கள் காய் நறுக்கலாம், பாத்திரம் துலக்கலாம். அடுப்புப் பக்கம் வரக் கூடாது."

இதைக் கேட்டதிலிருந்து பூவாத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. காய் நறுக்கத்தான் அது முதலில் வேலைக்குச் சேர்ந்தது. அங்கிருந்து அடுப்புக்கு வர அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மறுபடியும் கூடையோடு மூலையில் போய் உட்கார வேண்டுமா?

தேர்வு நாள் வந்தது. நடு அடுப்பில் பூவாத்தா நின்றது. வலப்பக்க அடுப்பில் கரடி. நிதானத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. குகைக்குள் வெள்ளம் வந்தாலும் கொட்டாவியை விட்டு முடித்த பிறகுதான் எழுந்திருக்கும். இடப்பக்க அடுப்பில் நரி. நரியின் குணத்தை நான் வேறு சொல்ல வேண்டுமா?

தேர்வு நடத்த வந்த யானை, "ஆளுக்கு ஒரு பானை கிழங்குப் புளிக்குழம்பு வையுங்கள். மணி அடித்த பிறகு யாரும் பானையைத் தொடக் கூடாது. இந்த வருஷத்துக்குக் கரண்டி ஒன்றே ஒன்றுதான்" என்றது. சொல்லிவிட்டு மரநிழலில் போய் நின்றுகொண்டது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குழம்பு வைத்தவர் தானே உப்புப் பார்ப்பதில்லை. புகையிலும் காரத்திலும் நின்ற நாக்குக்கு உப்பு சரியாகத் தெரியாது அல்லவா? அதனால் பக்கத்து அடுப்புக்காரர் கையில் இரண்டு சொட்டு விட்டு, "உப்புப் பாருங்க" என்று கேட்பார்கள்.

குழம்பு கொதி வந்ததும் கரடி அகப்பையோடு வந்தது.

"தங்கச்சி, உப்புப் பாரு."

பூவாத்தா வாங்கி நக்கியது. "அரைச் சிட்டிகை போடலாம் அண்ணே."

"சரி. உன்னுதைக் கொஞ்சம் ஊத்து, நான் பார்க்கிறேன்."

பூவாத்தாவுக்குத் திக்கென்றது. கரண்டி ஒன்றுதானே இருக்கிறது? போட்டிக்கு நிற்கிற கரடி உள்ளதைச் சொல்லுமா? தான் இப்போதுதான் கரடிக்கு உள்ளதைச் சொன்னோம் என்பது பூவாத்தாவுக்குத் தோன்றவே இல்லை.

"வேண்டாம் அண்ணே, நானே பார்த்துக்கிறேன்" என்றது.

கரடி தன் அடுப்புக்குப் போய்விட்டது.

நரிக்கு இது போதாதா? தன் பானையை விட்டுவிட்டு மெல்ல நகர்ந்து வந்தது.

"அக்கா, உப்புப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சரியா இருக்குங்களா?"

அவ்வளவுதான் கேட்டது. பூவாத்தா தன் குளம்பில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு நக்கிப் பார்த்தது. குளம்பு வேறு, குழம்பு வேறு. நாக்கை நன்றாக மடக்கிச் சொல்லுங்கள். உப்பு சரியாகவே இருந்தது. சத்தியமாகச் சரியாக இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றது.

"இருந்தாச் சரி. கிழங்கு உப்பை இழுத்துக்குமேன்னு கேட்டேன்" என்றது நரி.

பூவாத்தா மறுபடி நக்கியது. உப்பு குறைவாக இருக்கிறதோ? ஒரு சிட்டிகை போட்டது. யானை மரத்தடியிலிருந்து தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பவும் நக்கியது. நக்க நக்க நாக்கு மரத்துப்போய், புளியும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை. ஐயோ, உப்பில்லாமல் போய்விட்டதே என்று இன்னும் ஒரு சிட்டிகை போட்டது. நரி வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. சும்மா நின்று பானையைப் பார்த்தாலே போதும், பூவாத்தாவின் கால் தானாக உப்புச் சட்டிக்குப் போனது.

குழம்போ கொதித்துச் சுண்டிக்கொண்டே இருந்தது. சுண்டினால் உப்பு கூடும் என்பது அதற்குத் தெரியாததா? பயத்தில் அதுவும் மறந்துபோயிற்று.

மணி அடித்தது.

யானை முதலில் நரியின் பானையருகே போனது. ஆளில்லாமல் கொதித்த பானை அடிப்பிடித்துக் கருகி நாறியது. யானை தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தது. கரடியின் குழம்பைச் சாப்பிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டியது. பிறகு பூவாத்தாவின் குழம்பை ஒரு வாய் எடுத்தது.

எடுத்ததும் விறுவிறுவென்று ஆற்றுக்கு நடந்தது. தும்பிக்கை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

"உன் குழம்புக்கு உப்புப் பார்த்தது யார்?" என்று கேட்டது.

"நானேதாங்க ஐயா" என்றது பூவாத்தா.

"ஏன், பக்கத்தில் ஆள் இல்லையா?"

பூவாத்தா ஓரக்கண்ணால் கரடியைப் பார்த்தது.

யானை கரடியிடம் திரும்பியது. "உனக்கு உப்புப் பார்த்துச் சொன்னது யார்?"

"பூவாத்தாதான் ஐயா. அரைச் சிட்டிகை போடச் சொன்னா, போட்டேன்."

யானை முத்திரைக் கரண்டியைக் கரடியின் கையில் கொடுத்தது. பூவாத்தா அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கூடைப் பக்கம் போய் உட்கார்ந்தது.

நீதி: பயந்த வேளையில் தன் நாக்கும் தன்னை ஏமாற்றும், பக்கத்தில் இருப்பவரை நம்பிக் கேட்பவரே பிழைப்பார்.