பண்டிதரின் சூத்திரத்தில் தைத்த அங்கி

"எனக்காக ராஜாகிட்ட நீங்க வாயைத் திறக்கக் கூடாது, அத்தான். சத்தியம் பண்ணுங்க."

"ஏம்மா, திறக்குறதுக்குன்னே சம்பளம் வாங்குற வாயி இது!"

"விகடகவியோட கொழுந்தியாள்னுதான் முதல் வகுப்பு குடுத்தாங்கன்னு ஊர் பேசும். அதுக்கு நான் மருந்து அரைச்சே சாகலாம். கேக்கணும்னா நானே கேப்பேன்."

"எப்போ?"

அவள் திப்பிலி உரலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எத்தனையோ தலைமுறைக்கு முன், பெயர்கூட மறந்துபோன ஒரு நாட்டில், அரசவை விகடகவி அம்பலத்தாடியை மூன்று மாதமாக முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த பேச்சு இது. பேசியவள் அவர் மனைவியின் தங்கை தேனம்மை. அரசரின் வைத்தியக் கல்விச்சாலையில் ஐந்தாண்டு படித்தவள். முதலாண்டில் விஷக்காய்ச்சலில் கிடந்து பாதித் தேர்வுகளை எழுத முடியாமல் போனதால், அந்த ஆண்டு நூற்றுக்கு இருபதுதான். மற்ற நான்கு ஆண்டும் எண்பதுக்கு மேல்.

எழுபத்தைந்து எடுத்தால் முதல் வகுப்பு. முதல் வகுப்புக்காரர் மட்டுமே நாடி பார்க்கலாம். மற்றவர்கள் அவர்களுக்கு மருந்து அரைக்க வேண்டியதுதான். தலைமைத் தேர்வாளர் விருத்தகிரிப் பண்டிதர் தேனம்மையின் ஐந்தாண்டையும் கூட்டி ஐந்தால் வகுத்தார். எழுபத்து மூன்று வந்தது. "இரண்டாம் வகுப்பு" என்று ஓலையை நீட்டினார். அதே பண்டிதர் தம் தங்கை மகன் கார்மேகத்துக்கு மட்டும் மூன்று ஆண்டுகளை மறந்துவிட்டு, மிக நன்றாக எழுதிய இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அவனுக்கு முதல் வகுப்பு! கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எந்த விதிப்படி என்று மாணவர்கள் கேட்டால், "சூத்திரம் கல்விச்சாலையின் ரகசியம்" என்பார்.

பூரான் கடிக்கும் பாம்புக் கடிக்கும் வேறுபாடு தெரியாத கார்மேகம் மெத்தையில் அமர்ந்து நாடி பார்த்தான். பாம்பு கடித்த மூவரைப் பிழைக்க வைத்த தேனம்மை அவன் காலடியில் திப்பிலி இடித்தாள். இதைக் கண்டும் கொதிக்காதவன் உடம்பில் ஓடுவது ரத்தமா, கஞ்சித் தண்ணீரா?

இப்படியிருக்க, அரசரின் ஐம்பதாவது பிறந்தநாள் நெருங்கியது. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அரசரின் உயரத்துக்கு ஒரு நூலும் மார்புக்கு ஒரு நூலும் அளந்து வெட்டிப் பேழையில் வைப்பார்கள். அரசருக்கோ பொல்லாத கூச்சம். தையற்காரர் கை பட்டாலே நெளிவார்.

"இந்த ஆண்டு என்னை யாரும் தொடக் கூடாது. ஆனால் அங்கி எனக்குப் பொருந்த வேண்டும்" என்றார் அரசர்.

விகடகவியின் செல்வாக்கைக் கண்டு நெடுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த பண்டிதர் எழுந்தார். "மன்னர் பெருமானே, அந்தப் பணிக்கு அம்பலத்தாடியாரே தகுந்தவர். பொருந்தாவிட்டால் அவர் சபையைவிட்டு வெளியேறட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

அம்பலத்தாடி பணிவாகக் கேட்டார். "பேழையில் இதுவரை அளந்த நூல்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஓர் அளவை எப்படி எடுப்பது, பண்டிதரே? தாங்கள் கணக்கில் புலி."

முகம் மலர்ந்த பண்டிதர் சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "எல்லா ஆண்டும் சமம். கூட்டு, வகு. ஐந்தாண்டுப் படிப்பையே நான் அப்படித்தான் அளக்கிறேன்!"

"எல்லோருக்குமா?"

"எல்லோருக்கும்!"

அம்பலத்தாடி பல்லைக் கடித்துக்கொண்டு பேழையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பிறந்தநாளன்று அரசர் புது அங்கிக்குள் கையை நுழைத்தார். கை பாதியில் நின்றது. பொத்தான்கள் துளைகளைத் தொலைவிலிருந்து எட்டிப் பார்த்தன. கீழ்விளிம்பு முழங்காலுக்கு மேல் ஏறிக்கொண்டது. மூச்சு முட்டிய அரசர் சீறினார். "இது யாருக்குத் தைத்தது?"

"தங்களுக்குத்தான், மன்னா. தொட்டிலில் கிடந்த ஆண்டு முதல் எல்லா நூலையும் முடிச்சுப் போட்டு, சமமாக மடித்து அளவெடுத்தேன். பண்டிதரின் சூத்திரம்."

"மூடனே! தொட்டிலில் கிடந்த உடம்பா இன்று அங்கி போடப் போகிறது?"

"அதை நான் கேட்கவில்லை, மன்னா. தாங்கள்தான் கேட்கிறீர்கள்." அம்பலத்தாடியின் குரலில் வேடிக்கை இல்லை. "இன்னொரு அங்கியும் இருக்கிறது. இது கார்மேகத்துக்கு மட்டும் பண்டிதர் போட்ட சூத்திரம். பெரிதாக வந்த இரண்டு ஆண்டுகள் போதும், மற்றதெல்லாம் தள்ளுபடி."

அரசர் திருமணம் முடித்து விருந்து விருந்தாகச் சாப்பிட்ட இரண்டு ஆண்டுகளின் அளவு அது. அதற்குள் அரசரோடு அமைச்சரும் நுழையலாம். சரிந்து விழுந்த தோள்பட்டையைப் பிடித்தபடி அரசர் பண்டிதரைப் பார்த்தார். "எல்லோருக்கும் ஒரே சூத்திரம் என்றீரே?"

"அது... சிறப்பு நேர்வு, மன்னா..."

"மருமகன் என்பது சிறப்பு நேர்வா?"

சபை கொல்லென்று சிரித்தது. சட்டைக்குள் தொலைந்துபோன தம் கைகளைத் தேடியபடி அரசரும் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்கு அணிவித்தார். "பொருந்தாத இரண்டு அங்கி தைத்துப் பரிசு வாங்கியவன் நீ ஒருவன்தான்! இன்னும் என்ன வேண்டும், கேள்."

அம்பலத்தாடி இரு கைகளாலும் தம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன, நாக்கு சுளுக்கிவிட்டதா?"

அவர் கண்கள் மட்டும் பின்வரிசைக்குப் போயின. அங்கே கல்விச்சாலையின் பிறந்தநாள் லேகியத் தட்டோடு கார்மேகத்தின் பின்னால் தேனம்மை நின்றிருந்தாள். எத்தனை முறை நியாயம் கேட்க இந்த அரண்மனை வாசல்வரை வந்து திரும்பியிருப்பாள்! தட்டைக் கார்மேகத்தின் கையில் வைத்துவிட்டு அவள் முன்னே நடந்தாள்.

"மன்னா, எனக்கு மதிப்பெண் பிச்சை வேண்டாம். காய்ச்சலில் விட்டுப்போன தேர்வுகளை எனக்கு வையுங்கள். எந்தச் சூத்திரம் என்பதை முதலிலேயே எல்லோரும் அறியச் சொல்லுங்கள். இந்தச் சபையிலேயே எழுதுகிறேன். கார்மேகமும் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும்."