நடுக்கல்லில் நின்ற சிலம்பாயி

நாவல் குளத்தின் தென்கரையில் குரங்குகள் வாழ்ந்தன. வடகரையில் கரடிகள் வாழ்ந்தன. இரண்டுக்கும் பொதுவாகக் குளத்து மேட்டில் ஒரே ஒரு நாவல் மரம் நின்றது. வம்பெல்லாம் அந்த மரத்தால்தான்.

பழம் கறுக்கும் ஆனி மாதத்தில் இரண்டு கூட்டமும் அங்கே கூடும். அடிதடி கிடையாது. வட்டெறியும் போட்டிதான் உண்டு. காய்ந்த மரக்காளானைக் கல்லில் தேய்த்துத் தட்டையாகவும் வட்டமாகவும் ஆக்கினால் அதுதான் வட்டு. தூக்கணாங்குருவிகள் பின்னிக் கொடுத்த புல்கூடை ஒன்று மரக்கிளையில் தொங்கும். எறிவதற்குத் தூரக்கல், நடுக்கல், பக்கக்கல் என்று மூன்று கற்கள். தூரக்கல்லிலிருந்து எறிந்தால் வட்டு மரத்தடியில் விழ வேண்டும். மற்ற இரண்டிலிருந்தும் கூடைக்குள் விழ வேண்டும். வென்ற கூட்டத்துக்கு அந்த வருஷத்துப் பழம் முழுவதும் சொந்தம். தோற்ற கூட்டம் சிறுத்தை திரியும் பள்ளத்தில் இறங்கி இரை தேட வேண்டும்.

குரங்குகள் மூன்று வருஷமாகத் தோற்றிருந்தன. போன வருஷம் பள்ளத்துக்குப் போன பதினோரு பேரில் ஒன்பது பேர்தான் திரும்பி வந்தார்கள்.

குரங்குகளுக்காக எறிபவள் சிலம்பாயி. காட்டிலேயே பலமான கை அவளுடையது. நம்பாவிட்டால் அவளையே கேட்கலாம், பொழுது சாயும்வரை சொல்லுவாள்! தூரக்கல்லில் நின்று அவள் வீசினால் மயில்கள்கூட ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். பக்கக்கல்லிலிருந்து கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடுவாள். ஆனால் நடுக்கல்லுக்கு வந்தால் மானம் கப்பலேறிவிடும்.

"இது கிட்டக்கதானே, பாதி பலம் போதும்," என்று கையைப் பாதியில் இழுத்துப் பிடிப்பாள். வட்டு தள்ளாடிக்கொண்டே போய்க் குளத்தில் விழும்.

"அப்படியா சேதி!" என்று அடுத்ததை முழுப் பலத்தோடு விடுவாள். அது மரத்தையும் தாண்டிப் புதருக்குள் போய்விடும்.

போட்டிக்கு மூன்று நாள் இருந்தபோது, அவள் நாத்தனார் பூவாத்தா புதருக்குள் புகுந்து வட்டை எடுத்து வந்தாள். உடம்பெல்லாம் முள் கீறல்.

"என்ன மதினி, கரடிப் பய மொக்கையன் வருஷா வருஷம் கூடைக்குள்ள போடுறான். உங்களுக்கு மட்டும் கூடை ஓடி ஒளியுதா?"

சிலம்பாயிக்குச் சுருக்கென்றது. "என் கையில குறையே இல்ல! அவன் வட்டுலதான் ஏதோ சூட்சுமம் இருக்கு!"

"அப்போ அதைத் தூக்கிட்டு வந்துருவோமா?"

இதைக் கேட்கவா வேண்டும்! மறுநாள் மத்தியானம் மொக்கையன் தேனடையைத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டான். இருவரும் பூனைபோல் போய், அவன் தலைமாட்டில் இருந்த வட்டை எடுத்துவந்துவிட்டார்கள்.

சிலம்பாயி நடுக்கல்லில் ஏறினாள். இடது கையில் தன் வட்டு. வலது கையில் கரடியின் வட்டு. குறிபார்த்து எறிந்தாள். வட்டு நேராகப் பறந்து கூடைக்குள் இறங்கியது.

"பார்த்தியா பூவாத்தா! நான் சொல்லல? சூட்சுமம் வட்டுலதான்!"

தன் வட்டைக் கீழே போட்டுவிட்டு, கரடியின் வட்டாலேயே மறுபடி எறிந்தாள். அது தள்ளாடிக் குளத்தில் விழுந்தது. மிதந்த வட்டைப் பூவாத்தா எடுத்துக் கொடுக்க, இன்னொரு தடவை எறிந்தாள். மறுபடியும் குளம்!

சிலம்பாயி திகைத்தாள். பிறகு கரடியின் வட்டை இடது கையில் வைத்துக்கொண்டு, தன் பழைய வட்டை எறிந்து பார்த்தாள். கூடை!

"வட்டு மாறியும் விழுந்துருச்சே! அப்போ எதுதான் மாறுச்சு?"

பூவாத்தா தலையைச் சொறிந்தாள். "இடது கைதான் மதினி. வட்டு இருந்தப்போ அது சும்மா இருந்துச்சு. வட்டு இல்லாதப்போ மேலே தொங்குற விழுதைப் பிடிச்சிருந்துச்சு."

சிலம்பாயி அண்ணாந்து பார்த்தாள். நடுக்கல்லுக்கு மேலே, குளக்கரை ஆலமரத்தின் விழுது ஒன்று தொங்கியது. குரங்காகப் பிறந்தது எதையாவது ஒரு கையால் பிடித்துக்கொள்ளாமல் எந்தக் காரியமும் செய்யாது. தூரக்கல் வெட்டவெளியில் கிடந்தது. பிடிக்க ஒன்றும் இல்லாததால் அங்கே அவள் உடம்பு முழுவதும் சுழன்றது. பக்கக்கல்லிலோ மணிக்கட்டைச் சுண்டினாலே போதும். நடுக்கல்லில்தான் விழுதைப் பிடித்த கை உடம்பைத் திரும்பவிடவில்லை. கை மட்டும் தனியாக எறிந்தது. பாவம், அது என்ன செய்யும்!

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே வடகரைக்குப் போய் மொக்கையனை எழுப்பினாள்.

"மொக்கையண்ணே, இந்தா உன் வட்டு. நான்தான் எடுத்தேன். தப்புதான்."

மொக்கையன் கண்ணைக் கசக்கினான். "எடுத்துட்டு ஏன் தாயி திருப்பித் தர்ற?"

"இதைவிட என் வட்டே நல்லா இருக்கு!"

மொக்கையன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அன்றும் மறுநாளும் சிலம்பாயி நடுக்கல்லைவிட்டு இறங்கவில்லை. விழுதை விட்டதும் முதலில் குப்புற விழுந்தாள். பூவாத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். சிலம்பாயி எழுந்து மறுபடி நின்றாள். பலத்தைக் குறைக்கக் கையைப் பாதியில் நிறுத்தக் கூடாது, எறியும் முன் கையைப் பின்னால் கொஞ்சமாக ஓங்கினாலே போதும் என்று கண்டுகொண்டாள். வட்டைச் சாயாமல் பிடித்தாள். இடுப்பு திரும்பியது, தோள் திரும்பியது, கை கடைசிவரை போனது.

போட்டி நாள் வந்தது. நடுவராக நாரை நின்றது. மொக்கையன் அலட்டிக்கொள்ளாமல் மூன்றையும் முடித்தான். கரடிகள் உறுமிக் கொண்டாடின.

சிலம்பாயி தூரக்கல்லிலிருந்து வீசினாள். வட்டு மரத்தடியில் விழுந்தது. அடுத்து நடுக்கல்லில் ஏறினாள்.

"விழுதைப் பிடி சிலம்பாயி!" என்று குரங்குகள் எல்லாம் கத்தின. "கால் வழுக்கும்! பிடிச்சுக்கோ!"

இடது கை தானாக மேலே போனது. திரும்பி வராத அந்த இரண்டு பேரின் முகம் கண்ணுக்குள் வந்தது. இப்போது தவறினால் இன்னும் எத்தனை பேரோ! அவள் இடது கையை இறக்கி, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, விட்டுட்டாளே!" என்றது ஒரு கிழக்குரங்கு.

சிலம்பாயி எறிந்தாள். வட்டு கூடைக்குள் போய் உட்கார்ந்தது. பக்கக்கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"சமம்!" என்றது நாரை. "இனி நடுக்கல் மட்டும்தான்! மாறி மாறி எறியுங்கள். ஒருவர் போட்டு மற்றவர் தவறினால் போட்டி முடிந்தது!"

மொக்கையன் போட்டான். சிலம்பாயி போட்டாள். ஆறு சுற்று இப்படியே போயிற்று. ஏழாவது சுற்றில் மொக்கையனின் வட்டு கூடை விளிம்பில் தட்டி வெளியே விழுந்தது. சிலம்பாயி கல்லில் ஏறினாள், நின்றாள், திரும்பினாள், எறிந்தாள். கூடை ஒரு தரம் ஆடி நின்றது. வட்டு உள்ளே இருந்தது!

குரங்குகள் போட்ட கூச்சலில் குளத்து மீன்கள் துள்ளின. பூவாத்தா ஓடிவந்து மதினியைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.

"நல்லா எறிஞ்சே தாயி," என்றான் மொக்கையன். "போன வருஷம் பார்த்த கை இது இல்லையே!"

"கை அதேதான் அண்ணே," என்றாள் சிலம்பாயி. அவள் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "எறியத்தான் இப்போ கத்துக்கிட்டேன். பூவாத்தா கையைப் பார்த்துச் சொன்னா, தப்பைத் திருத்துனது நானேதான்!"

அந்தப் பெருமை அவளுக்குத் தகும். அந்த வருஷம் குரங்குகளில் ஒருவரும் பள்ளத்தில் இறங்கவில்லை.

குறி தவறும்போது கருவியைக் குறை சொல்லாமல் தன் பழக்கத்தைத் திருத்திக்கொள்பவரே தலைநிமிர்ந்து நிற்பார்.