பதினாயிரத்து ஏழு விளக்குகள்

திருவருளை நினைந்து கேளுங்கள், அன்பர்களே. ஆறுகளுக்கு இன்னும் பெயர் வைக்கப்படாத காலத்தில், அல்லியங்காட்டை நெடுமுடியன் என்னும் அரசன் ஆண்டான். அவனுக்குப் பக்தி உண்டு. பக்தியைவிடப் பெருமை சற்று அதிகம் உண்டு.

அண்டை நாட்டு அரசன் கார்த்திகைத் திருநாளில் ஈசனுக்குப் பதினாயிரம் அகல் ஏற்றினான் என்று அவன் காதில் விழுந்தது. உடனே சந்நிதியில் நின்று சூளுரைத்தான்: "ஏழுலகும் என்னைப் போற்ற, உலகுக்கு ஒன்றாக ஏழு கூட்டி, பதினாயிரத்து ஏழு அகல் ஏற்றுவேன். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. தவறினால் முடி துறப்பேன்!"

அதோடு விட்டானா? அடுத்த கார்த்திகைத் திருநாளில் வேறெவர் விளக்கேற்றினாலும் தண்டனை என்று பறையும் அறைவித்தான்.

அக்கோயிலில் ஒரு வழக்கம். முற்றத்தில் விளக்குகளைச் சம வரிசைகளாகவே வைக்க வேண்டும். ஒன்றுகூட வரிசைக்கு வெளியே நிற்கலாகாது.

திருநாள் வந்தது. அமைச்சர் வரிசைக்கு ஏழாக வைத்தார், நான்கு மிஞ்சின. சேனாதிபதி பதினொன்றாக வைத்தார், எட்டு மிஞ்சின. "ஒழுங்காக நில்லுங்கள்!" என்று விளக்குகளை அதட்டியும் பார்த்தார். அர்ச்சகர் திருநாமம் சொல்லிப் பதின்மூன்றாக வைத்தார், பத்து மிஞ்சின.

பொழுது சாய்ந்தது. அரசன் தன் முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு அவைக் கணிதர் குணபத்திரரை அழைத்தான்.

"அரசே, இந்த எண்ணை ஒன்று வகுக்கும், அதுவே தன்னையும் வகுத்துக்கொள்ளும். வேறெந்த எண்ணுக்கும் அடங்காது."

"இதை முன்னமே சொல்லக் கூடாதா?"

"சூளுரைத்த பிறகுதானே கணிதரைத் தேடினீர்கள்!"

"சரி, ஒரே வரிசையாக வைத்தால்?"

"வைக்கலாம். முற்றத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, அண்டை அரசனுடைய மாட்டுக் கொட்டிலில் கடைசி விளக்கு எரியும்."

அரசன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒன்று கூடினால் போதும், அரசே. வரிசைக்கு நூற்றுமுப்பத்தொன்பதாக எழுபத்திரண்டு வரிசை அழகாக அமையும். ஆனால் சூளுரைப்படி அந்த ஒன்று தங்களுடையதாக இருக்கலாகாது."

அரசன் தெருவில் இறங்கினான். முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாம் வீட்டில் விளக்கைப் பானைக்குள் ஒளித்தார்கள். மூன்றாம் வீட்டு வாசலில் மோர் விற்கும் மருதாயி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"விளக்கேத்துனா தண்டனைன்னு பறையடிக்கச் சொன்னது யாரு மகராசா?"

"நான்தான், தாயே."

"இப்ப விளக்குக் கேக்குறது?"

"அதுவும் நான்தான்."

"அப்படின்னா தண்டனை இல்லேன்னு நீங்களே பறையடிச்சுக்கிட்டு முன்னால போங்க. நான் பின்னால வாரேன்."

அரசன் பறையைத் தோளில் மாட்டினான்; அடித்துக்கொண்டே நடந்தான். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மருதாயியின் கரி படிந்த அகல் வந்து அமர்ந்ததும் வரிசைகள் நிறைந்தன. அரசன் முடியும் தப்பியது.

சுடர்கள் எழுந்தபோது அரசன் மெல்லக் கேட்டான்: "இவற்றுள் மருதாயி விளக்கு எது?"

அர்ச்சகர் எட்டி எட்டிப் பார்த்தார். "எரியத் தொடங்கிவிட்டதே, அரசே! இனி எப்படித் தெரியும்?"

அன்பர்களே, பிறருக்கு ஓரிடம் தராத பெருமை எத்தனை பெரிதாயினும் இறைவன் திருமுன் நிறைவு பெறாது.