கொக்கரைப்பட்டிப் படை பின்வாங்கிய கதை

கொக்கரைப்பட்டி சமஸ்தானத்துக்கு எதிரி என்று யாரும் கிடையாது. பகைத்துக்கொள்ளும் அளவுக்கு அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. இந்தக் குறை மகாராஜாவுக்கு நெடுநாளாக உண்டு. அதனால் வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை ஒரு வருஷம் பட்டாளத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார். வருஷ முடிவில் படையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மற்றொன்றுக்கு எதிரியாக்கி, யானைமேட்டில் ஒத்திகைப் போர் நடத்திவந்தார்.

உலகநாதன் அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவன். வந்த அன்றைக்கே அதிகாரியாகிவிட்டான். படிப்போ வீரமோ அதற்குக் காரணமில்லை. கிடங்கில் தோளில் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை ஒன்று கிடந்தது. அது அவன் உடம்புக்குச் சரியாக இருந்தது. அவ்வளவுதான்.

வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. ஒத்திகை முடிந்து வரும் வெள்ளிக்கிழமை அவனுக்கும் கோகிலம் என்ற பெண்ணுக்கும் கல்யாணம். சமையல்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்தாகிவிட்டது. இந்த நேரம் பார்த்துத் தளவாய் அரங்கப்பன் இரண்டு பக்கத்து அதிகாரிகளையும் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்.

"என் உத்தரவை எவன் படை எழுத்துப் பிசகாம நிறைவேத்துதோ, அவனுக்கு விடுதலை. மத்தவனுக்கு இன்னும் ஒரு வருஷம்" என்றார்.

உலகநாதனுக்கு முதலில் மாமனாரின் நினைப்புத்தான் வந்தது. கோகிலத்தின் அப்பா மாணிக்கவாசகம் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு மாப்பிள்ளையைவிட முகூர்த்தம் முக்கியம். குறித்த நேரத்தில் இவன் வரவில்லை என்றால், பந்தலில் சும்மா உட்கார்ந்திருக்கும் யாரையாவது பிடித்து மணையில் உட்காரவைத்துவிடுவார்.

சிப்பாய்களை நினைத்தால் இன்னும் கலக்கமாக இருந்தது. அவர்களில் மூத்தவர் சடையப்பன். ஒருமுறை கோர்ட்டில் சாட்சி சொன்னவர் என்பதால், வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லும் பொறுப்பை எல்லாரும் அவரிடம் விட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை யானைமேட்டில் உலகநாதன் தளவாயின் முதல் உத்தரவைச் சொன்னான்: "எதிரி வர்ற வரைக்கும் எல்லாரும் தலைமறைவா இருக்கணும்."

சொல்லிவிட்டு மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். புதருக்கு ஒருவராகச் சிப்பாய்கள் தலையைக் கழுத்துவரை உள்ளே நுழைத்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். கழுத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"என்னண்ணே இது?"

"தலை மறைஞ்சிருக்குதுங்களே ஐயா" என்றது சடையப்பன் இருந்த புதர்.

"உடம்பு மறைய வேண்டாமா?"

"உடம்புக்கு உத்தரவு வரலீங்க."

அதற்குள் எதிர்ப்படை வந்துகொண்டிருந்தது. உலகநாதன் பாறைக்குப் பின்னால் பாய்ந்து, கல்யாணம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டான். எதிர்ப்படைக்கும் ஒரு உத்தரவு இருந்தது: எதிரியின் தலை தெரிந்தால் பிடித்துவிட வேண்டும். அவர்கள் புதர் புதராகச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் களைத்துப்போய், குனிந்திருந்த சிப்பாய் குப்பமுத்துவின் முதுகில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு, "ஒரு தலையும் தென்படலை" என்று தங்கள் அதிகாரியிடம் சொல்லிவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள்.

உலகநாதனுக்கு உயிர் வந்தது. இரண்டாவது உத்தரவையும் சொன்னான்: "எக்காரணம் கொண்டும் எதிரிக்கு முதுகு காட்டக் கூடாது."

இதில் சிக்கல் ஒன்றும் வராது என்று நினைத்தான். ஆனால் சடையப்பன் தாடையைச் சொறிந்தார்.

"எதிரி எந்தப் பக்கம் இருக்கான் ஐயா?"

"அது தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்."

"அப்ப எந்தப் பக்கமும் முதுகு காட்டப்படாது."

சிப்பாய்கள் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள். யோசிக்கும்போதே முதுகு வெளிப்பக்கம் தெரிகிறது என்று ஒருவர் கண்டுபிடிக்க, பதறி எழுந்தார்கள். கடைசியில் பெரியாண்டி என்ற சிப்பாய்தான் வழி சொன்னார். எல்லாரும் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள்.

"இப்ப முதுகு பூமியைப் பார்க்குது" என்று குப்பமுத்து சந்தேகப்பட்டார். "பூமி எதிரி இல்லையே?"

"இது மகாராஜா பூமி. நம்ம பக்கம்தான்" என்று சடையப்பன் தீர்ப்புச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் யானைமேடு முழுவதும் குறட்டைச் சத்தம் கேட்டது. உலகநாதன் மட்டும் உட்கார்ந்து வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தான்.

வெயில் சாயும் நேரத்தில் தளவாயின் குதிரைக்காரன் வந்தான். "ரெண்டு படையும் உடனே பின்வாங்கணும். யாரு ஒழுங்கா செய்யறாங்கன்னு தளவாய் கூடாரத்து வாசல்ல இருந்து தொலைநோக்கியில பார்த்துக்கிட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"கிளம்புங்க" என்றான் உலகநாதன்.

யாரும் கிளம்பவில்லை.

"என்ன வாங்கணும்னு சொல்லலையே" என்றார் பெரியாண்டி.

"விக்கிறதைத்தானே வாங்க முடியும்" என்றார் சடையப்பன். "மேட்டுக்குக் கீழே அஞ்சலை வேர்க்கடலை விக்குது. அதைத்தான் சொல்லியிருக்கார். ஆனா பின்னால வாங்கணும். மத்தவங்க வாங்கினதுக்குப் பின்னால."

"அண்ணே, பின்வாங்கறதுன்னா பின்னால போறது."

"அப்ப பின்போன்னு சொல்லியிருப்பாரே ஐயா. தளவாய்க்குத் தமிழ் தெரியாதுங்கறீங்களா?"

தளவாய்க்குத் தமிழ் தெரியாது என்று சொன்னால் கசையடி. உலகநாதன் அவர்களோடு மேட்டை விட்டு இறங்கினான்.

கீழே புளியமரத்தடியில் அஞ்சலையின் கூடை முன்னால் எதிர்ப்படை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதன் அதிகாரி சிங்காரம் அழாத குறையாக நின்றான். அவனுக்குக் குழந்தை பிறந்து இன்னும் முகம் பார்க்கவில்லை.

"உங்க ஆளுங்களும் இப்படித்தான் அர்த்தம் சொல்றாங்களா?" என்று உலகநாதன் மெல்லக் கேட்டான்.

"ஒருத்தர் விடாம" என்றான் சிங்காரம்.

உலகநாதன் யோசித்தான். இத்தனை பேர், அதுவும் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாத இரண்டு எதிரிப் படைகள், ஒரே அர்த்தம் சொல்கிறார்கள். தனக்குத்தான் ஏதோ தெரியவில்லையோ என்ற சந்தேகம் அவனுக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

"யாரு முதல்ல?" என்று கேட்டாள் அஞ்சலை.

இரண்டு படையும் ஒரே வரிசையாகிவிட்டது. முன்னால் நின்றவர் பயந்துபோய், "நான் பின்னால வாங்கிக்கறேன்" என்று விலகி வரிசைக் கடைசிக்குப் போனார். அடுத்தவரும் அப்படியே செய்தார். அதற்கடுத்தவரும் அப்படித்தான். முதுகு காட்டக்கூடாது என்ற உத்தரவும் இரண்டு படைக்கும் இருந்ததால், எல்லாரும் கூடையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து கடைசிக்குப் போனார்கள். இப்படி முன்னால் நிற்பவர்கள் பின்னால் போகப் போக, வரிசை கூடையை விட்டு விலகிக்கொண்டே போனது.

கைக்கெட்டிய வியாபாரத்தை விடுவதற்கு அஞ்சலை என்ன முட்டாளா? கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "கடலை, சூடான கடலை" என்று வரிசையைப் பின்தொடர்ந்தாள். அவள் நெருங்க நெருங்கப் படை பின்னால் போனது. புளியமரத்தைத் தாண்டி, வறண்ட ஓடையைத் தாண்டி, தளவாயின் கூடாரம் வரைக்கும் போனது.

தளவாய் தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு பின்வாங்கலை அவர் கண்டதில்லை. ஓட்டமில்லை, கூச்சலில்லை, ஒரு சிப்பாய்கூட எதிரிக்கு முதுகு காட்டவில்லை. எதிரியாக வந்தவள் ஒரு பொம்பளை என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கடலை வாசனை மூக்கைத் துளைத்தது.

"ஒரு பொட்டலம் குடும்மா" என்றார்.

"தளவாய் வாங்கிட்டார்" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த நிமிஷம் இரண்டு படையும் கூடைமேல் விழுந்தது. உலகநாதன் மட்டும் அவசரப்படவில்லை. எல்லாரும் வாங்கும்வரை காத்திருந்து, சிங்காரத்தையும் முன்னால் தள்ளிவிட்டு, அடியில் மிஞ்சிய சொத்தைக் கடலையைக் கடைசியாக வாங்கினான்.

தளவாய் அங்கேயே இரண்டு அதிகாரிகளுக்கும் விடுதலை கொடுத்தார். உலகநாதன் சந்தோஷமாக ஓடிவந்து சடையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இத்தனை நாளா எனக்குத்தான் தமிழ் தெரியலை" என்றான்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை தன் பழைய படையோடு கல்யாண வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இந்தப் பட்டாளம் போகிற இடத்தில் வியாபாரம் உண்டு என்று தெரிந்துகொண்ட அஞ்சலையும் கூடையோடு வந்திருந்தாள். வாசலில் மாணிக்கவாசகம் கை கூப்பினார்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. நேரமாச்சு, சீக்கிரம் வாங்க."

உலகநாதன் சட்டென்று நின்றான்.

"நீங்க முதல்ல வாங்குங்க மாமா."

மாமா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். "அதெப்படி? இன்னிக்கு நீங்கதான் முதல்ல. வாங்க."

"ஏமாந்துடாதீங்க ஐயா. இவரை வச்சுத் தளவாய் சோதிக்கிறார்" என்று சடையப்பன் காதில் சொன்னார்.

மாப்பிள்ளை முகம் வெளுத்தது. மாமனாரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து ஊர்வலத்தின் கடைசிக்குப் போனான். அடுத்து நின்ற சடையப்பனும் போனார். பிறகு குப்பமுத்து போனார். ஊர்வலம் பந்தலை விட்டு விலகித் தெருக்கோடி பக்கம் நகரத் தொடங்கியது.

"ஐயோ, மாப்பிள்ளை பின்வாங்குறாரே" என்று மாணிக்கவாசகம் தலையில் கை வைத்தார்.

"இன்னும் வாங்கலீங்க" என்றார் பெரியாண்டி. "நீங்க வாங்கினாத்தான் அவரு வாங்க முடியும்." சொல்லிவிட்டு அஞ்சலையின் கூடையைக் காட்டினார்.

முகூர்த்தம் தவறிவிடும் என்றால் மாணிக்கவாசகம் கடலை என்ன, கூடையையே வாங்குவார். அவர் ஒரு பொட்டலம் வாங்கினார். மாப்பிள்ளை நிம்மதியாக மூச்சு விட்டு, திரும்பி வந்து, அவருக்குப் பின்னால் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மணையில் போய் உட்கார்ந்தான்.

கெட்டிமேளம் முழங்கத் தயாராக இருந்தது. தாலியைக் கையில் எடுத்த உலகநாதன், பக்கத்தில் தலைகுனிந்திருந்த கோகிலத்தைப் பார்த்தான். இந்தப் பெண்ணோடுதான் இனி எல்லாம் என்று நினைத்தபோது அவனுக்கு மனசு இளகிப்போனது. அவளுக்கும் ஒரு குறை இருக்கக்கூடாது என்று நினைத்து அன்போடு சொன்னான்:

"நான் வாங்கிட்டேன். இனி நீ பின்வாங்கலாம்."

மேளக்காரர் கையை அந்தரத்தில் நிறுத்தினார். மாணிக்கவாசகத்தின் வாயில் போட்ட கடலை போட்டபடி நின்றது.

கோகிலமும் கொக்கரைப்பட்டிப் பெண்தான். "இதோ வந்துட்டேன்" என்று புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணையை விட்டு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஞ்சலையைத் தேடிப் போனாள்.