அவசரம் என்று எழுதிய கவர்

“எல்லாத்தையும் பிரிச்சு வச்சாச்சு அம்மா. ஒண்ணுலயும் குறை இல்ல. ஆனா மனசு மட்டும் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது.”

இப்படிச் சொன்னவர் ஆவுடைநாயகம். ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு நூல் மில். அதில் டைம் கீப்பர் வேலை. இந்தக் கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்த பெண்ணை ஊரார் மடத்தம்மா என்பார்கள்.

மடத்தம்மா வயதில் அவரைவிட இளையவள். ஆனாலும் அவர் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை ஐயா என்பாள். வெள்ளிக்கிழமை தோறும் பாலத்தைத் தாண்டி வந்து, அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவது அவருக்குப் பல வருஷப் பழக்கம்.

அன்றைக்கு அவள் முற்றத்தில் புளி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“எதைப் பிரிச்சீங்க?”

“சம்பளத்தை.”

அவர் விளக்கினார். பாங்க்கில் விழும் சம்பளத்தை முதல் தேதியே மொத்தமாக எடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து காக்கிக் கவர்களில் பிரித்துப் போடுவார். ஒவ்வொரு கவர் மேலும் ஒரு பெயர். வாடகை. அரிசி. பால். கரண்ட். ஸ்கூல் பீஸ். மருந்து. ஒரு கவர் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதற்காக அடுத்த கவரில் கை வைக்கக் கூடாது.

“யார் கை?”

“யார் கையும்தான்.”

“ம்.”

“முன்னால எம்பொண்டாட்டி கையிலதான் பணம் இருந்துச்சு. மாசக் கடைசியில பக்கத்து வீட்ல கைமாத்து வாங்குவா. எனக்கு அவமானமா இருக்கும். இப்ப ஒரு பைசா கடன் இல்ல.”

“நல்லதுதானே ஐயா.”

“நல்லதுதான். ஆனா தூக்கம் இல்ல. எந்திரிச்சதும் பீரோவைத் திறந்து பாக்கேன். மில்லுக்குக் கிளம்பி, பாதி வழியில திரும்பி வந்து இன்னொரு தடவை பாக்கேன். சாப்பிடும்போதும் கவரு ஞாபகம்தான். வீடும் ஒரு மாதிரி அமைதியா இருக்கு.”

“அமைதி வேணும்னுதானே இங்க வர்றீங்க?”

“இது அந்த அமைதி இல்லம்மா.”

மடத்தம்மா புளியைக் கிளறிவிட்டாள். கொட்டை ஒன்று தெறித்து விழுந்தது.

“அடுத்த வெள்ளிக்கிழமை வரும்போது கவரையெல்லாம் கொண்டு வாங்க.”

“பணத்தோடயா?”

“பணத்தோட.”

அந்த வாரம் முழுக்க அவர் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

மடத்துக்குக் காணிக்கை கேட்பாளோ? எல்லாவற்றையும் ஆற்றில் போடச் சொல்வாளோ? சாமியார்கள் அப்படிச் செய்த கதைகளை அவர் கேட்டிருக்கிறார். மில்லில் வருகைப் பதிவு செய்யும்போது இரண்டு முறை ஆள் மாற்றிப் போட்டுவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி நடந்ததே இல்லை.

ஒரு சாயங்காலம் பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, மகள் குழலி வாசற்படியில் வந்து நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

“என்னம்மா?”

“டூர்…” என்றாள்.

“எந்தக் கவர்ல இருந்து?”

அவர் அதட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த வீட்டில் யார் எது கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது அதுதான்.

“இல்லப்பா. நான் போகலன்னு சொல்ல வந்தேன்.”

அவள் போய்விட்டாள். அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பீரோவைப் பூட்டி முடிக்கும் வரைக்கும்கூட நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை கவர்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு, பையைச் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தார். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் பையையே பார்ப்பது போல் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் வணக்கம் சொன்னார். கை தூக்கினால் பை நழுவும் என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மடத்தம்மா அவரை எதிரே உட்காரச் சொன்னாள்.

அவர் ஒவ்வொரு கவராக எடுத்துக் கொடுத்தார். அவள் பெயரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“வாடகை.”

“இருக்கும்மா.”

“அரிசி.”

“இருக்கு.”

“மருந்து.”

“யாருக்கும் நோவு இல்ல. அப்படியே இருக்கு.”

கடைசியில் ஒரு கவர் வந்தது. மற்றவற்றைவிட நல்ல தடிமன். அதை மட்டும் அவர் கையிலேயே பிடித்துக்கொண்டார். மடத்தம்மா கழுத்தை நீட்டிப் படித்தாள்.

“அவசரம்.”

“ஆமாம்மா.”

“வாயை ஒட்டியிருக்கே?”

“ஒட்டினாத்தான் எடுக்க மாட்டோம்.”

“அப்புறம் பணம் எப்படி உள்ள போகுது?”

“மூலையில சின்னதா கிழிச்சு விட்டிருக்கேன். மடிச்சுச் சொருகலாம். சொருகத்தான் முடியும், எடுக்க முடியாது.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“எப்ப இருந்து இப்படிப் பெருத்துச்சு?”

“ஆடியில இருந்து.”

“ஆடியில என்ன?”

ஆவுடைநாயகம் ஆற்றைப் பார்த்தார். அக்கரையில் மில்லின் புகைபோக்கி தெரிந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“ஒண்ணுமில்லம்மா.”

“சரி. அவசரம் வந்துச்சா?”

“இன்னும் வரல. ஆண்டவன் புண்ணியம்.”

“வந்தா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத்தான்.”

மடத்தம்மா தன் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

“இதை மட்டும் இங்க வச்சுட்டுப் போங்க. அடுத்த வாரம் வாங்கிக்கலாம்.”

அவர் கை நகரவில்லை.

நீட்டிய கையை அவளும் எடுக்கவில்லை. காயவைத்த புளியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அவள் அதை விரட்டவில்லை. கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறோம் என்பதே அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

“என்னையே உங்ககிட்ட ஒப்படைச்சிருக்கேன் அம்மா. ஆனா இது…”

“ஆனா இது?”

அவர் கவரை மஞ்சள் பையின் அடியில் சொருகினார்.

மடத்தம்மா கையை மடக்கிக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை.

“வீட்டுக்குப் போய்க் கேளுங்க.”

“என்னன்னு?”

“அவசரம் வந்துச்சான்னு.”

“யார்கிட்டம்மா கேக்க? பணம் எங்கிட்டல்ல இருக்கு?”

அவள் எழுந்து காக்கையை விரட்டப் போய்விட்டாள்.

ஆவுடைநாயகம் வீடு வந்து சேர்ந்தபோது அவர் மனைவி உலகம்மாள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரிவாள்மனை. முன்னால் முறத்தில் அவரைக்காய்.

அவர் பையைக் கீழே வைக்காமல் நின்றார். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. கேட்காமல் போனால் அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே என்ன சொல்வது?

“உலகு.”

“ம்.”

“நம்ம வீட்டுக்கு அவசரம் ஏதும் வந்துச்சா?”

அவள் நிமிரவில்லை. காயை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“வந்துச்சு.”

“எப்ப?”

“ஆவணியில. வந்துட்டுப் போயிட்டு.”

“என்ன சொல்ற?”

“எங்கம்மா கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டா. இடுப்பெலும்பு. உடனே ஆபரேஷன்னாங்க. அண்ணன் கையில ஒண்ணும் இல்ல.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னேன். அம்மா விழுந்துட்டா, கொஞ்சம் பணம் வேணும்னேன். நீங்க பீரோவைத் திறந்துக்கிட்டு நின்னீங்க.”

அவருக்கு லேசாக ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல். தான் திரும்பாமலே கேட்ட கேள்வி.

“எந்தக் கவர்ல இருந்துன்னு கேட்டீங்க,” என்றாள் உலகம்மாள். “எனக்குப் பதில் தெரியல. அடுப்புல பால் வேற பொங்கிச்சு. போயிட்டேன்.”

“பின்ன ஆபரேஷனுக்கு?”

அவள் புறங்கையால் காதோரத்து முடியை ஒதுக்கினாள். கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது.

“அண்ணன்கிட்டக் குடுத்தேன். அடகு வச்சுக் கட்டினான். அம்மா இப்ப கம்பு ஊணி நடக்கா.”

அது கார்த்திகை மாதம். ஆவணியிலிருந்து தினமும் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் அவர் சாப்பிட்டிருக்கிறார். அந்தக் கம்மலில் இருந்த கல் சிவப்பா பச்சையா என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

அவர் பீரோ வரைக்கும் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். பிறகு மஞ்சள் பைக்குள் கையை விட்டுத் தடித்த கவரை எடுத்து, ஒரே இழுப்பில் கிழித்தார். மடித்து மடித்துச் சொருகிய நோட்டுகள் அடுக்களைத் தரையெல்லாம் சிதறின.

“இப்பவே போய் மீட்டுட்டு வாரேன்.”

“இருங்க.”

“இல்ல, இப்பவே…”

“இருங்கன்னா. அதை எதுக்கு வச்சிருந்தீங்க?”

“அவசரத்துக்கு.”

“எந்த அவசரத்துக்கு?”

உலகம்மாள் இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

கிழிந்த கவர் அவர் கையில் இருந்தது.

“மில்லை மூடப் போறாங்க,” என்றார்.

அதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. அவள் எதிரில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“ஆடியிலயே ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. பொங்கலோட சரியாம். இந்த வயசுல எனக்கு யாரு வேலை தருவா? நீங்க ரெண்டு பேரும் பயந்துருவீங்கன்னுதான்…”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“மில்லு விஷயம்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? முன்னெல்லாம் மூணு ஷிப்டுக்கும் சங்கு ஊதும். ஆடியில இருந்து ராத்திரிச் சங்கு இல்ல. நானும் இந்த ஊர்லதான இருக்கேன்.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குழலிக்கும் தெரியும்,” என்றாள். “அதான் டூர் போகலன்னுட்டா.”

“தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

மின்விசிறிக் காற்றில் ஒரு நோட்டு உருண்டு அரிவாள்மனைப் பக்கம் போனது. உலகம்மாள் அதை எடுத்தாள். பிறகு எட்டும் தூரத்தில் கிடந்த மற்ற நோட்டுகளையும் பொறுக்கினாள். எட்டாதவற்றை அவர் பொறுக்கிக் கொடுத்தார். எந்தக் கவரிலும் போடாமல், எல்லாவற்றையும் சேர்த்து வைத்து மேலே பருப்பு டப்பாவைத் தூக்கி வைத்தாள்.

“எத்தனை மாசம் ஓடும் இது?”

“தெரியல.”

பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு அவர் அந்த வீட்டில் அப்படி ஒரு பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் தலையை ஆட்டினாள். முறத்தில் இருந்த அவரைக்காயில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

“நாரை உரிங்க.”

ஆவுடைநாயகம் ஒரு காயை எடுத்தார். இந்த முனையைப் பார்த்தார். அந்த முனையைப் பார்த்தார்.

“எப்படி?” என்று கேட்டார்.