கடைசி வளைவில் நின்றவர்

சென்னியப்பன் ஒரு கேள்வியோடு வந்தார். அவர் தலை நரைத்தவர். பதில் சொல்ல வேண்டிய லிடியாவுக்கோ முப்பது வயதுகூட ஆகவில்லை. அதனால் கேட்பதற்கு முன்னால் சட்டைக் காலரை ஒரு தடவை சரி செய்துகொண்டார்.

"ஏனுங் மேடம், பையன் கடைசி ரவுண்டு வரைக்கும் முன்னாடிதான் வர்றான். கடைசி வளைவுல மட்டும் கோட்டை விட்டர்றான். அது ஏனுங்க?"

லிடியா ஈரோட்டில் அந்தச் சின்ன ஸ்கேட்டிங் மைதானத்தில் பயிற்சி கொடுப்பவர். ஒரு ஷூவைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தருணேஷ் என்ன சொல்றான்?"

"அவனுக்கு என்னங்க தெரியும்? பதினாலு வயசுப் பையன்."

சக்கரம் நிற்கும் வரை லிடியா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியைத் திறந்தார்.

"உங்க காலு என்ன சைஸுங்கண்ணா?"

சென்னியப்பன் பஸ் டிரைவர். தாளவாடி மலைப் பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தவர், மகனின் காலைப் பயிற்சிக்காகவே டவுன் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார். மலையில் ஓட்டியவனுக்கு டவுன் பஸ் பிடிக்காது. ஆனாலும் மாறினார். மனைவி ஈஸ்வரி விடியும் முன்பே எழுந்து முட்டை அவித்து, கூழ் கரைத்து, சக்கரங்களைத் துடைத்து வைப்பாள். அந்த வீட்டில் ஆறு வருஷமாக யாரும் விடிந்த பிறகு எழுந்ததில்லை.

மைதானத்தில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. கடைசி வளைவின் வெளிப்பக்கம், கம்பி வேலியை ஒட்டி ஒரு புங்க மரம். அங்கே நின்று சென்னியப்பன் "குனி, குனி" என்று கத்துவார். கத்த வேண்டாம் என்று போன வருஷம் லிடியா சொன்னார். அன்றிலிருந்து கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். பையன் அப்போதும் அந்த வளைவில்தான் விட்டான். மாநில அணிக்கு முதல் மூன்று பேரை எடுத்தார்கள். அவன் நாலாவது.

இந்த வருஷத் தேர்விலும் நழுவினால் ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவேன் என்று தருணேஷ் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அப்பாவிடம் சொல்லவில்லை. ஈஸ்வரி சொன்னாள். அதுதான் அவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"ஷூ எதுக்குங்க மேடம்?"

"போடுங்க. முட்டியில அந்தப் பட்டையக் கட்டிக்கங்க."

பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்டதால் மானம் தப்பியது. முதல் நாள் முழுக்கக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மலைப் பாதையில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போனபோதுகூட அவருக்குக் கால் நடுங்கியதில்லை. இப்போது நடுங்கியது.

"என்ற கேள்விக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"முட்டிய மடக்குங்க."

மறுநாள் கம்பியை விட்டார். அப்புறம் விழுந்தார். பிறகு எப்போது விழுவார், எப்போது விழமாட்டார் என்று அவருக்கே தெரியாத சில நாட்கள் போயின. ஆனால் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. தைலம் தேய்த்துவிடும்போது ஈஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொள்வாள். மகனிடம் இருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருவழியாக மைதானத்தைத் தனியாகச் சுற்றி வரப் பழகிக்கொண்டார். அன்று லிடியா சொன்னார்.

"நாளைக்கு அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

ஈஸ்வரி வந்தாள். லிடியா அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வேலிக்கு வெளியே போனாள்.

சென்னியப்பனுக்கு உற்சாகம். பெண்டாட்டி பார்க்க ஓட்டுவது என்றால் சும்மாவா? நேர்ப்பாதையில் நன்றாகத்தான் வந்தார். கடைசி வளைவில் திரும்பும்போது கால் தானாக வெளியே ஒதுங்கியது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருக்கா," என்றார் லிடியா.

இன்னொரு தடவையும் வேலிதான். மூன்றாம் தடவை நல்ல வேகத்தில் போய் மோதி முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். எதிரே, வேலிக்கு அந்தப்பக்கம், ஈஸ்வரி நின்றிருந்தாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டி, உனக்கு நிக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலியா? உன்னையப் பாத்துத்தான் இங்க வந்து வந்து முட்டறேன்."

"நான் வாயே தொறக்கலீங்களே மாமா," என்றாள் ஈஸ்வரி. "நீங்க எப்பவும் நிக்கற எடந்தானுங்க இது."

சென்னியப்பன் தலைக்கு மேலே பார்த்தார். புங்க மரம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் ரத்தம் கசிந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"வளைவுல கண்ணு எங்க போகுதோ வண்டியும் அங்கதான் போகும்னு புதுசா வர்ற டிரைவருக்கெல்லாம் நாந்தானுங்க மேடம் சொல்லுவேன்," என்றார். "ஆறு வருசமா அவன் கண்ணுக்கு எதுக்கால போயி நின்னுருக்கேன்."

லிடியா அவர் முழங்கையைத் துடைத்துவிட்டார்.

"செலக்சன் அன்னைக்கு நான் வரலீங்க. டூட்டி போட்டுக்கறேன். நான் இல்லாட்டி அவன் ஜெயிச்சிருவான்."

"எந்திரிங்க," என்றார் லிடியா. "ஒரே ஒரு ரவுண்டு. உங்களால முடிஞ்ச வேகத்துல."

"கை வலிக்குதுங்க."

"காலு நல்லாத்தான இருக்குது?"

எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். இந்த முறை மரத்தின் பக்கம் திரும்பவேயில்லை. மலைப் பாதையில் பார்ப்பதுபோல வளைவு முடியும் இடத்தைப் பார்த்தார். கால் அங்கே போனது. முடிவுக் கோடு காலடியில் வந்து பின்னால் போனது. அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. எப்படி நிற்பது என்று யாருமே அவருக்குச் சொல்லித்தரவில்லை.

கைகளை வீசிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். கோட்டைத் தாண்டி ரொம்ப தூரத்தில், தண்ணீர் டிரம் பக்கத்தில், லிடியா கைகளை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். சென்னியப்பன் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"பிரேக்கு சொல்லித் தரலீங்களே மேடம்."

"வேகமா வர்றவனால கோட்டுல நிக்க முடியாதுங்கண்ணா. நிக்கறதுக்கு இவ்வளவு தூரம் வேணும்."

அவர் திரும்பிப் பார்த்தார். நடுவர்கள் உட்காரும் மேடை குறுக்கே இருந்தது. முடிவுக் கோடு தெரியவில்லை.

"இங்க நின்னா எவன் ஜெயிச்சான்னே தெரியாதுங்களே."

"தெரியாதுங்க," என்றார் லிடியா.

தேர்வு நாளன்று புங்க மரத்தடியில் யாரும் இல்லை. ஈஸ்வரி தண்ணீர் டிரம் ஓரமாக நின்றாள். சென்னியப்பன் அவளுக்கு முன்னால், கைக்குட்டையைக்கூட எடுக்காமல் நின்றார். அங்கிருந்து அவருக்கு எதுவும் தெரியவில்லை. சக்கரங்களின் சத்தம் சுற்றிச் சுற்றி வருவது மட்டும் கேட்டது. கடைசி மணி அடித்ததும் எல்லாரும் கத்தினார்கள். மேடையைத் தாண்டிப் போய் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன என்று கால் துடித்தது. நகரவில்லை.

மேடைக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வேகம் குறைந்து வந்தார்கள். யார் முன்னே, யார் பின்னே என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தருணேஷ் குனிந்த தலையோடு வந்தான். நிமிர்ந்தபோது அப்பா நேர் எதிரே நின்றார். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. நேராக வந்து ஹெல்மெட்டோடு அவர் நெஞ்சில் முட்டி நின்றான்.

சென்னியப்பனுக்குக் கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டார்.

"தண்ணி வேணுமா சாமி?"

பையன் ஹெல்மெட்டைக் கழற்றினான். பிறகு சொன்னான்.

"வளைவுல வெளிய போகலப்பா. உள்ளயே வந்தேன்."

"சரி சாமி."

மைக்கில் மூன்று பெயர்களைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது பெயர் தருணேஷுடையது. ஈஸ்வரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சென்னியப்பன் அவளை எழுப்பிவிட்டார். அவருக்கும் கண் நிறைந்துதான் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு லிடியாவைத் தேடிப் போனார். பையனும் கூட வந்தான். லிடியா யாருடைய ஷூவிலிருந்தோ ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், இனி வெளி மாநிலத்துல எல்லாம் ஓடப்போறான். அந்த மைதானம் எப்படி இருக்குமோ. அங்க நான் எங்கீங்க நிக்கறது?"

லிடியா தலை நிமிரவில்லை.

"ஓடறவன் பக்கத்துலதான இருக்கான். அவனையக் கேளுங்கண்ணா."

சென்னியப்பன் மகன் பக்கம் திரும்பினார். சட்டைக் காலரை ஒரு தடவை சரி செய்துகொண்டார்.