புல் வைத்த காலை

"அம்மா, இந்தக் கிங் என் மானத்தைக் கப்பலேத்துது!"

கத்திக்கொண்டே மடத்துக்குள் ஓடி வந்தார் மாசிலாமணி. தலை நரைத்த சீடர். குரு மங்கையர்க்கரசி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர்.

"மறுபடியும் மூட்டையைத் தள்ளிடுச்சா?"

"இன்னும் ஏத்தவே இல்லைம்மா! அதுக்குள்ள நின்ன இடத்துல குதிக்குது. உடம்பெல்லாம் வேர்வை!"

கிங் ஒரு காலத்தில் பந்தயக் குதிரை. ஓட்டத்திலிருந்து அதைக் கழித்துவிட்டபோது, பந்தய லாயத்தில் அதைப் பழக்கிய மாசிலாமணி விட்டுவர மனமில்லாமல் இந்த மலையடிவாரத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். இங்கே அதற்கு ஒரே வேலைதான். சாலை இல்லாத மேட்டு ஊருக்கு அரிசி சுமக்க வேண்டும்.

இரண்டு முறை கிளம்பியது. இரண்டு முறையும் பாதி வழியில் பாய்ந்து, அரிசியைப் பள்ளத்துக்குப் படைத்துவிட்டது. இன்றும் கொட்டினால் குதிரையைத் தரகரிடம் தள்ளிவிடுவது என்று மடத்தார் முடிவு கட்டிவிட்டார்கள். தரகர் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஓட்டிக்கொண்டு போகும் குதிரைகள் கசாப்புக் கொட்டகையில்தான் போய் முடியும் என்று மாசிலாமணிக்குத் தெரியும்.

"என்ன தீனி வைக்கிறீங்க?" என்று கேட்டார் அம்மா.

"ஒரு குறையும் வைக்கலைம்மா. மத்த நாள்ல வயிறு நிறைய புல்லு. சுமை ஏத்துற நாள்ல மட்டும் விடியறதுக்கு முன்னாடியே புல்லை எடுத்துடுவேன். ஊறவெச்ச கொள்ளு, ஓட்ஸ், அவ்வளவுதான். வயிறு லேசா இருக்கணுமில்ல? லாயத்துல அப்படித்தான் வழக்கம்."

"எந்த நாளுக்கு அந்த வழக்கம்?"

"பந்தய நாளுக்கு."

"கிங்குக்கும் அது தெரியும்" என்றபடி அம்மா எழுந்து கொட்டிலுக்கு நடந்தார்.

புல் தொட்டி காலியாகக் கிடந்தது. கிங் காதுகளை விறைத்துக்கொண்டு, காலால் தரையைப் பறண்டிக்கொண்டிருந்தது.

அம்மா கொள்ளு வாளியைத் தூக்கி வெளியே வைத்தார். ஒரு கட்டுப் புல்லை வாரி அணைத்து வந்து தொட்டியில் போட்டார்.

மாசிலாமணி பதறிப்போனார். "ஐயையோ! கிளம்புற நேரத்துல புல்லா? வயிறு கனத்துட்டா எப்படிம்மா ஓடும்?"

"ஓடணுமா?"

மாசிலாமணி கொள்ளு வாளியை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

கிங் புல்லை முகர்ந்தது. நம்பவில்லை. தொட்டியைப் பார்த்தது. மாசிலாமணியைப் பார்த்தது. பிறகு ஒரு வாய் கடித்தது. இன்னொரு வாய். மெல்ல மெல்லக் கழுத்து இறங்கி, காதுகள் தளர்ந்தன.

"நேரமாகுதுங்க" என்று வாசலிலிருந்து தரகர் குரல் கொடுத்தார்.

"அது தின்னு முடிக்கட்டும்" என்றார் அம்மா.

தின்று முடித்தது. மூட்டையை ஏற்றியபோது தோலை ஒரு முறை சிலிர்த்துக்கொண்டது. அதோடு சரி. மாசிலாமணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, பின்னாலேயே நடந்தது.

வெயில் ஏறிய பிறகு அவர் இறங்கி வந்த வரத்து இருக்கிறதே, கிங்கைவிட அவர்தான் துள்ளினார்!

"ஒரு மணி அரிசி சிந்தலைம்மா! ஊரே சுத்தி நின்னு பார்த்துச்சு. அந்தப் பள்ளத்துப் பக்கம் வந்தப்போ எனக்கு உசிரே இல்லை. அது என்னடான்னா நின்னு நிதானமா ஒரு கொடியைக் கடிச்சுட்டு வருது!"

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மாசிலாமணி சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் சிரித்தார்.

"மேலே போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார் அம்மா.

"இதோ சொல்றேன்" என்று மாசிலாமணி சட்டைப்பைக்குள் கைவிட்டு, லாயத்துக் காலத்து ஸ்டாப்வாட்ச்சை வெளியே எடுத்தார்.

முள் பூஜ்யத்திலேயே நின்றது.

"அமுக்கவே மறந்துட்டேன்மா" என்றார்.